காகிதம் யார் கையில்? மலையகத்தில் துப்பறிந்து எழுதியவர்களின் கதை

போன மாசம் கொட்டகலையில ஒரு தம்பியைச் சந்தித்தேன். இருபத்திரண்டு வயசு இருக்கும். கொழும்புப் பத்திரிகை ஒன்றுக்கும் ஒரு இணையத்தளத்துக்கும் செய்தி அனுப்புகிறான். செய்தி வந்தால்தான் காசு, அதுவும் பஸ் காசுக்கே காணாது. புலனாய்வு அறிக்கையிடல் பற்றிய இரண்டு நாள் செயலமர்வு ஒன்றுக்குப் போய்விட்டு அப்போதுதான் வந்திருந்தான். டீக்கடையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது கேட்டான்:

"அண்ணே, வோட்டர்கேட் பத்திச் சொன்னாங்க, பனாமா பேப்பர்ஸ் பத்திச் சொன்னாங்க. எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா நம்மள தோட்டத்து ஒபிஸ் வாசல்லயே நிக்க விடமாட்டேங்கிறாங்களே. எங்கம்மா அதே தோட்டத்துலதான் கொழுந்து எடுக்குது. நான் ஏதாச்சும் எழுதிட்டா மறுநாள் அதுக்குப் பேர் விழுமா?"

மலையகத்துக்கு வெளியே இருந்து வாசிக்கிறவர்களுக்காக: 'பேர்' என்றால் ஒரு நாள் வேலை செக்ரோலில் பதியப்படுவது. சொன்ன கிலோ கொழுந்து எடுக்காவிட்டால் 'அரைப்பேர்'. அதாவது பாதிச் சம்பளம். ஒரு குடும்பத்தின் மாசச் சாப்பாடு அந்தக் கொப்பியில் எத்தனை பேர் விழுந்திருக்கு என்பதில்தான் இருக்கிறது.

தம்பியின் கேள்விக்கு அன்றைக்கு என்னிடம் ஒழுங்கான பதில் இல்லை. வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான் பட்டது: இதே கேள்வியோடு நூறு வருசத்துக்கு முன்னாடி ஒரு மனுசன் இந்த மலைக்கு வந்திருக்கிறார். 'தோட்டத்துக்குள்ள போக விடமாட்டேங்கிறாங்க, அப்ப எப்படி எழுதுறது?' என்று அவரும் யோசித்திருக்கிறார். வோட்டர்கேட் நடந்தது 1972இல். நம்ம ஆள் அதுக்கு அரை நூற்றாண்டுக்கும் முந்தியவர்.

துணி மூட்டையோடு வந்தவர்

கோ. நடேசய்யர் தஞ்சாவூர்க்காரர். வியாபாரிகளுக்காக 'வர்த்தகமித்திரன்' என்ற பத்திரிகை நடத்தியவர். 1915இல் வர்த்தகர் சங்க அலுவலாகக் கொழும்புக்கு வருகிறார். வந்த இடத்தில், தன் ஊர்ப்பக்கத்திலிருந்து கப்பலேறிய சனம் இந்தத் தேயிலைத் தோட்டங்களில் எப்படி இருக்கிறது என்று பார்க்க ஆசைப்படுகிறார்.

பார்க்க முடியவில்லை. தோட்டம் என்பது துரையின் சொந்த நிலம். லயமும் அவருடையது, லயத்துக்குப் போகிற பாதையும் அவருடையது. வெளியாள் உள்ளே நுழைந்தால் அத்துமீறல் வழக்கு. சொந்தக்காரனே வந்தாலும் கங்காணியின் கண்ணில் படாமல் ஒரு இராத்திரி தங்க முடியாது. ஆனால் புடைவை வியாபாரிகளை மட்டும் உள்ளே விட்டார்கள். சம்பளக் காசு எங்கேயாவது செலவாக வேண்டுமே.

நடேசய்யர் புடைவை வியாபாரியாகவே உள்ளே போனார். லயம் லயமாக நடந்து சனங்களோடு பேசினார். என்ன கடன், யாருக்குக் கடன், எவ்வளவு பிடிக்கிறார்கள், ஊருக்குத் திரும்பிப் போக ஏன் முடியவில்லை என்பதையெல்லாம் அவர்கள் வாயாலேயே கேட்டார்.

இந்தக் கதையை மலையகத்தில் கொஞ்சம் வாசிக்கிற எல்லாருக்கும் தெரியும். மே தினக் கூட்டங்களில் சொல்வார்கள், பாடசாலைப் பேச்சுப் போட்டிகளில் சொல்வார்கள். ஆனால் சொல்கிறவர்கள் துணி மூட்டையோடு நிறுத்திக்கொள்கிறார்கள். மாறுவேசம் ஒரு சினிமா காட்சி மாதிரி இருப்பதால் அது மனசில் தங்கிவிடுகிறது. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அவர் வீட்டு அலுமாரியில் இருந்திருக்கக்கூடிய புத்தகங்கள்.

நடேசய்யர் எழுதிய நூல்களின் பட்டியலைப் பாருங்கள். கணக்குப் பதிவு பற்றி ஒரு நூல். காப்புறுதி பற்றி ஒன்று. ஒயில் என்ஜின்களை எப்படி உபயோகிப்பது என்று ஒன்று. 1924இல் 'மூலையில் குந்திய முதியோன் அல்லது துப்பறியும் திறம்' என்று ஒரு கதைப் புத்தகம். கணக்குப் பதியத் தெரிந்தவர், துப்பறியும் கதையும் எழுதியவர். புலனாய்வு நிருபருக்கு வேண்டிய இரண்டு குணமும் ஒரே ஆளிடம் இருந்திருக்கிறது.

லயத்தில் ஒரு அம்மா "எவ்வளவு வேலை செஞ்சாலும் கடன் தீரல ஐயா" என்று சொன்னால், மனசு இளகிய எழுத்தாளர் அதைக் கண்ணீரோடு எழுதுவார். கணக்குத் தெரிந்தவர் வேறு கேள்வி கேட்பார்: கடன் எந்தப் புத்தகத்தில் எழுதியிருக்கு? எழுதியது யாரு? வரவு எந்தப் பக்கம், பற்று எந்தப் பக்கம்? அந்தக் கேள்விகளுக்குப் பின்னால் போனால் ஒரு முழு ஏற்பாடே தெரிய வரும். பெரிய கங்காணிக்குத் தன் ஆட்களில் ஒவ்வொருவரும் வேலைக்கு வருகிற நாளுக்கெல்லாம் 'பென்ஸ் காசு' கிடைத்தது. ஆள் பிடித்து வருவதற்கும் பணம் கைமாறியது. அந்தச் செலவு எல்லாம் கடைசியில் தொழிலாளியின் தலையில் கடனாக ஏறியது. தனி ஒரு துரையின் கெட்ட குணம் மட்டும் இதுக்குக் காரணம் இல்லை. கணக்கே அப்படி எழுதப்பட்டிருந்தது.

துண்டு என்ற காகிதம்

அந்தக் காலத்தில் 'துண்டு' என்று ஒரு காகிதம் இருந்தது. இந்த ஆள் இவ்வளவு கடன் வைத்திருக்கிறான், அதைக் கட்டினால் இவனை விடுவிக்கத் தயார் என்று துரை எழுதிக் கொடுக்கிற சீட்டு அது. அந்தச் சீட்டு இல்லாமல் ஒருவன் வேறு தோட்டத்துக்கு மாற முடியாது. ஒரு மனுசனின் விலை ஒரு துண்டுக் காகிதத்தில் இருந்தது. அதில் எழுதியிருப்பதை வாசிக்க அவனுக்குத் தெரியாது. துண்டு முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

அதே 1921இல்தான் நடேசய்யர் கொழும்பில் 'தேசநேசன்' பத்திரிகையைத் தொடங்கினார். 1924இல் 'தேசபக்தன்' வந்தது. இடையில் ஏ. ஈ. குணசிங்கவோடு சேர்ந்து கொழும்புத் தொழிற்சங்கத்தில் வேலை செய்தார், பிறகு பிரிந்தார். 1925இல் சட்டசபைக்குப் போனார். 1931இல் அட்டனில் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை ஆரம்பித்தார். 1936இல் அட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானார். தோட்டத்துக்குள் கேட்டதைப் பத்திரிகையில் எழுதி, பத்திரிகையில் எழுதியதைச் சபையில் கேள்வியாகக் கேட்கிற வாய்ப்பு அவருக்கு இருந்தது.

இந்த இடத்தில் நாம் கொஞ்சம் நிதானமாக இருக்கணும். நடேசய்யர் தொழிற்சங்கத் தலைவர், அரசியல்வாதி, பத்திரிகை முதலாளி, எல்லாமே ஒரே ஆள். இன்றைக்கு நாம் ஊடக அறம் என்று படிக்கிற எதிலும் இது சேராது. தன் சங்கத்தைப் பற்றித் தானே எழுதுகிறவரைச் சுயாதீன நிருபர் என்று சொல்ல முடியாது. மாறுவேசமும் அப்படித்தான். வேறு எந்த வழியிலும் எடுக்க முடியாத, பொதுமக்களுக்கு மிக அவசியமான தகவலுக்கு மட்டும், ஆசிரியர் பீடத்துக்குத் தெரிந்துதான் அதைச் செய்யலாம் என்பது இன்றைய ஒழுங்கு. அதனால் அவரைச் சிலையாக்கிக் கும்பிட வேண்டாம். அவரிடமிருந்து எதை எடுப்பது, எதை விடுவது என்று பார்ப்போம்.

எடுக்க வேண்டிய ஒன்று, கண்டுபிடித்ததைத் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தது. தொழிலாளர் சட்டங்களைத் தமிழில் விளக்கிப் புத்தகம் போட்டார். 1927இல் இந்தியத் தொழிலாளருக்கான குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் வந்தது. சட்டம் இங்கிலீசில் இருந்தால் அது துரைக்கும் வக்கீலுக்கும் மட்டும்தானே சொந்தம்? தமிழில் வந்தால், வாசிக்கத் தெரிந்த ஒருவன் லயத்துத் திண்ணையில் பத்துப் பேருக்கு வாசித்துக் காட்டலாம்.

வாசிக்கவே தெரியாதவர்களுக்கு? அதுக்கு மீனாட்சியம்மாள் இருந்தார். நடேசய்யரின் மனைவி என்று ஒரு வரியில் அவரை முடித்துவிடுவது நம் வழக்கம். சனங்களுக்குப் பழகிய மெட்டில், தோட்டத்து நிலைமையையும் சட்டத்தையும் அரசியலையும் பாட்டாக எழுதிக் கூட்டங்களில் அவர் பாடினார். பாட்டுகள் சிறு புத்தகமாகவும் அச்சாயின. இன்றைக்கு ஒரு நீண்ட அறிக்கையை எழுதிவிட்டு, அதை வாட்ஸ்அப்பில் மூன்று நிமிடக் குரல் பதிவாகப் போடுகிறோமே, அந்த வேலையைத்தான் அவர் மேடையில் நின்று செய்தார். தகவல் தந்த சனத்திடமே அந்தத் தகவல் திரும்பிப் போக வேண்டும் என்பதை அவரளவுக்குப் புரிந்துகொண்டவர்கள் குறைவு.

காகிதம் கேட்ட அரசாங்கம்

நடேசய்யர் 1947 நவம்பரில் காலமானார். அந்த ஆண்டுத் தேர்தலில் மலையகத்திலிருந்து இலங்கை இந்தியக் காங்கிரஸ்காரர்கள் ஏழு பேர் பாராளுமன்றம் போனார்கள். அப்போது கொட்டகலை ஒரு தனித் தொகுதி. கே. குமாரவேலு அதன் உறுப்பினர். பக்கத்துத் தலவாக்கலையில் கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை.

அடுத்த வருசமே கதை மாறியது. 1948 பிரஜாவுரிமைச் சட்டம், 1949இல் இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம். இந்த இரண்டாவது சட்டத்தின் கீழ் பிரஜாவுரிமை கேட்பவர் தான் தொடர்ந்து இங்கேயே வாழ்ந்ததை நிரூபிக்க வேண்டும். கல்யாணம் ஆனவர் ஏழு வருசத்துக்கு, ஆகாதவர் பத்து வருசத்துக்கு. எதைக் காட்டி நிரூபிப்பது? பிறந்த பதிவு பல பேருக்கு இல்லை. செக்ரோல் தோட்டத்து ஒபிசில் இருக்கிறது. லயத்துக்கு உறுதி கிடையாது. விண்ணப்பித்தவர்களில் பெரும்பாலானோர் நிராகரிக்கப்பட்டார்கள்.

பிறகு 1964 ஒக்டோபர் 30 அன்று சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று இரண்டு பிரதமர்கள் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். போகிறவர்களிடம் யாரும் கேட்கவில்லை. அதுவும் ஒரு காகிதம்தான்.

துண்டு, செக்ரோல், பிரஜாவுரிமை விண்ணப்பம், கடவுச்சீட்டு. நம் சனத்தின் தலையெழுத்தைத் தீர்மானித்த காகிதம் எல்லாமே வேறு யாரோ எழுதி, வேறு யாருடைய அலுமாரியிலோ இருந்தவை. மலையகத்தில் புலனாய்வு என்றால் என்ன என்று கேட்டால் நான் சொல்கிற பதில் இதுதான்: அந்த அலுமாரியில் இருக்கிற காகிதத்தையும் லயத்தில் சொல்லப்படுகிற வார்த்தையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. இரண்டில் ஒன்று மட்டும் கையில் இருந்தால் அது முழுச் செய்தி ஆகாது.

ஒரு பக்கம் பள்ளிக்கூடமான கதை

தனி ஒரு ஆள் எத்தனை லயத்துக்குப் போவார்? பல பேரைப் பழக்கணும். மலையகத்தில் அந்த வேலை 1960களில் நடந்திருக்கிறது. அதைச் செய்தது எந்தப் பல்கலைக்கழகமும் இல்லை, ஒரு பத்திரிகைப் பக்கம்.

1930இல் தொடங்கிய வீரகேசரியில் எஸ். எம். கார்மேகம் பணியாற்றினார். 'தோட்ட மஞ்சரி' என்ற பகுதி அவர் பொறுப்பில் வந்தது. தோட்டத்து இளைஞர்களும் ஆசிரியர்களும் தங்கள் இடத்து விசயங்களை எழுதி அனுப்ப அது களமானது. மலைநாட்டு எழுத்தாளர் மன்றத்தை அமைப்பதில் கார்மேகம் முன்னின்றார். சிறுகதைப் போட்டிகள் நடத்தப்பட்டன. பரிசுபெற்ற கதைகள் 1971இல் 'கதைக்கனிகள்' என்ற தொகுப்பாக வந்தன.

"சிறுகதைக்கும் புலனாய்வுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்கலாம். ஒரு தோட்டத்துக் கணக்கப்பிள்ளை நிறுவையில் எப்படிக் கழிக்கிறார் என்று செய்தியாக எழுதினால் எழுதியவன் மாட்டிக்கொள்வான். ஊர் பேரை மாற்றிக் கதையாக எழுதினால் தப்பலாம். அந்தக் கதைகளில் எந்த மலையில் எத்தனை மணிக்குப் பிரட்டு, யார் யாரை எப்படிக் கூப்பிடுவது, பிள்ளைக் காம்பராவில் என்ன நடக்குது என்ற விவரம் எல்லாம் இருந்தது. கண்ணால் பார்த்ததைத் துல்லியமாக எழுதும் பழக்கம் அங்கேதான் வந்தது.

ஆனால் அதிலும் ஒரு குறை இருந்தது. கதையாக எழுதினால் யாரும் பதில் சொல்லத் தேவையில்லை. துரையும் சரி, சங்கமும் சரி, அரசாங்கமும் சரி, "கதைதானே" என்று கடந்து போகலாம். விவரம் எழுதக் கற்ற ஒரு தலைமுறை வந்துவிட்டது. அந்த விவரத்தை வைத்துப் பதில் கேட்கிற பழக்கம் அவ்வளவாக வரவில்லை. இன்றைக்கும் நம்ம பக்கச் செய்திகளில் பாதி கண்ணீர், பாதி தலைவர்களின் அறிக்கை. நடுவில் இருக்க வேண்டிய கேள்வியைக் காணோம்.

பயம் சும்மா வரல

கேள்வி காணாமல் போனதுக்குக் காரணம் சோம்பல் இல்லை. 1977 மே 11 அன்று டெவன் தோட்டத்தில், தோட்டக் காணிகளைப் பிரித்துக் கொடுக்கும் திட்டத்தை எதிர்த்துத் திரண்ட தொழிலாளர் மீது பொலிஸ் சுட்டதில் சிவனு லெட்சுமணன் என்ற இளைஞர் உயிரிழந்தார். அது கொட்டகலைக்குப் பக்கத்தில்தான். அதே ஆண்டு வன்செயல், பிறகு 1981, பிறகு 1983 ஜூலை. லயங்கள் எரிந்தன. பிழைத்தவர்களில் பல பேர் வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போனார்கள். அங்கேயும் யுத்தம் அவர்களைத் தேடி வந்தது. 2000 ஒக்டோபர் 25 அன்று பண்டாரவளைக்குப் பக்கத்தில் பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமில் தடுத்து வைக்கப்பட்டிருந்த தமிழ் இளைஞர்கள் அடித்துக் கொல்லப்பட்டார்கள். யுத்தம் வடக்கு கிழக்கில் மட்டும் நடந்தது என்று நினைப்பவர்கள் இந்தத் திகதிகளை ஒரு தடவை பார்க்கணும்.

பிரதேச நிருபராக இருப்பதன் விலை என்ன என்பதை நமக்குக் காட்டியது திருகோணமலை. 2006 ஜனவரி 2 அன்று கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். குண்டு வெடித்து இறந்ததாக முதலில் சொல்லப்பட்டது. சுடர் ஒளியின் திருகோணமலை நிருபர் எஸ். சுகிர்தராஜன் எடுத்த படங்களில் துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள் தெரிந்தன. அந்தப் படங்கள் வெளிவந்தன. ஜனவரி 24 காலையில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார்.

ஒரு படம் ஒரு அரசாங்கக் கூற்றையே பொய்யாக்கியது. அதை எடுத்தவர் அதே ஊரில், எல்லாருக்கும் தெரிந்த தெருக்களில் நடமாடியவர். வெளிநாட்டு நிருபர் எழுதிவிட்டு விமானம் ஏறலாம், கொழும்பு நிருபர் மலையை விட்டு இறங்கலாம். உள்ளூர் நிருபருக்கு வீடே அங்கேதான். மலையகத்தில் அந்த வீடும் தோட்டத்துடையது. அதனால்தான் அந்தத் தம்பியின் கேள்வியை நான் கோழைத்தனமாகப் பார்க்கவில்லை. அம்மாவுக்குப் பேர் விழுமா என்பதைப் பேசாத எந்தச் செயலமர்வும் நம்ம பிள்ளைகளுக்குப் பாதிதான் பிரயோசனம்.

கொட்டகலையில் ஒரு வீடு

இவ்வளவு தூரம் நடேசய்யரைப் பற்றிப் பேசினேனே, அவரை நமக்குத் தேடித் தந்தது யார் தெரியுமா? கொட்டகலையில் வாழ்ந்த சாரல்நாடன். இயற்பெயர் நல்லையா. தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். 1988இல் 'தேசபக்தன் கோ. நடேசய்யர்', 1998இல் 'பத்திரிகையாளர் நடேசய்யர்' என்று இரண்டு நூல்கள் எழுதினார். சி. வி. பற்றியும் மலையக வாய்மொழி இலக்கியம் பற்றியும் தனித்தனி நூல்கள். அவர் நடத்திய சாரல் வெளியீட்டகத்தின் முகவரியும் கொட்டகலைதான். 2014இல் காலமானார்.

தொழிற்சாலையில் வேலை, வீட்டில் எழுத்து. ஆய்வு நிதி கிடையாது, உதவியாளர் கிடையாது. பழைய பத்திரிகைகளையும் துண்டுப் பிரசுரங்களையும் தேடி, திகதியை ஒத்துப் பார்த்து, ஒரு மனுசனின் வாழ்க்கையை அடுக்கியிருக்கிறார். இறந்தவர்களைப் பற்றிச் செய்த புலனாய்வு என்று அதைச் சொல்லலாம். அவர் அந்த வேலையைச் செய்யாமல் விட்டிருந்தால், துணி மூட்டை ஒரு வாய்க்கதையாகத் தேய்ந்து போயிருக்கும். செயலமர்வுக்குப் போன தம்பி, அதே ஊரில் இருந்த இந்த மனுசனின் பேரைக் கேள்விப்பட்டதில்லை என்றான். தப்பு அவன் மேல் இல்லை. நாம் சொல்லிக் கொடுக்கவில்லை.

மீரியபெத்தையின் பாடம்

2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. நாடு முழுக்க இருந்து கமராக்கள் வந்தன. அழுகை ஒளிபரப்பானது. முதல் நாட்களில் காணாமல்போனவர்கள் நூற்றுக்கணக்கில் என்று சொல்லப்பட்டது. பிறகு அந்த எண் வெகுவாக இறங்கியது. அந்த லயங்களில் அன்றைக்கு யார் யார் இருந்தார்கள் என்று உடனே எடுத்துக் காட்ட ஒரு பட்டியல் இல்லை.

இன்னொரு விசயம் அதைவிட வலித்தது. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. அதாவது காகிதம் இருந்தது. மண் சரிவதற்கு முன்னாடியே, ஒரு அலுமாரியில், எழுத்தில் இருந்தது. அந்தக் காகிதத்தை யாராவது ஒரு பிரதேச நிருபர் 2012இலோ 2013இலோ கையில் எடுத்து, "எச்சரிக்கை யாருக்குப் போனது? அதுக்குப் பிறகு என்ன செய்தீங்க?" என்று ஒரே ஒரு செய்தி எழுதியிருந்தால்? எழுதியிருந்தால் கட்டாயம் உயிர் தப்பியிருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் எழுத ஆள் இருந்திருக்கணும். செத்த பிறகு எண்ணுவதற்கு வந்தவர்கள் அத்தனை பேர், அதுக்கு முன்னாடி வாசிக்க வந்தவர் யார்?

இளம் நிருபர்களுக்குப் பயிற்சி ஏன் வேண்டும் என்று யாராவது கேட்டால், வோட்டர்கேட்டை விட்டுவிட்டு நான் மீரியபெத்தையைத்தான் சொல்வேன்.

அப்ப என்ன செய்றது?

நடேசய்யருக்கு இல்லாத ஒன்று இன்றைக்கு நம்மிடம் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறைக்கு வந்தது. அரச நிறுவனத்தின் தகவல் அலுவலரிடம் தமிழிலேயே எழுதிக் கேட்கலாம். ஏன் கேட்கிறாய் என்று அவர் கேட்க முடியாது. தருவாரா மாட்டாரா என்பதை 14 வேலை நாளுக்குள் அவர் முடிவு செய்து சொல்லணும். மறுத்தால் மேன்முறையீடு, அதுக்கும் மேலே ஆணைக்குழு.

அந்தச் சட்டத்தில் ஒரு சொல்லைக் கவனியுங்கள்: இந்த உரிமை 'பிரஜை'க்கு உரியது. 1948இல் பறித்ததின் மிச்சத்தை 2003இல் ஒரு சட்டத்தால்தான் தீர்த்தார்கள். காகிதம் காட்ட முடியாமல் பிரஜாவுரிமை இழந்த தாத்தாவின் பேரன், இன்றைக்குப் பிரஜையாக நின்று அரசாங்கத்திடம் காகிதம் கேட்கலாம். எனக்கு இது சின்ன விசயமாகப் படவில்லை.

தோட்டக் கம்பனி தனியார். அவர்களிடம் நேரே கேட்டால் கிடைக்காது. ஆனால் சுற்றி வர எத்தனை அரச அலுவலகம் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். தொழில் திணைக்களம், சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை, பிரதேச செயலகம், கட்டட ஆராய்ச்சி நிறுவனம். 2018இல் கொட்டகலைக்கு என்றே தனிப் பிரதேச சபை வந்தது. தோட்டப் பகுதிகளுக்கும் பிரதேச சபை சேவை செய்ய வழிவிடும் சட்டத் திருத்தமும் அதே ஆண்டுதான் வந்தது. தோட்டத்துப் பாதைக்கு எவ்வளவு ஒதுக்கினார்கள், யாருக்கு ஒப்பந்தம், வேலை முடிந்ததா என்பதைக் கேட்க ஒபிஸ் வாசலில் நிற்கத் தேவையில்லை. கடிதம் எழுதலாம், பிறகு அந்தப் பாதையில் நடந்து பார்க்கலாம்.

சம்பள விசயம் இன்னொரு நல்ல பாடம். 2021 மார்ச்சில் நாட்சம்பளம் 1,000 ரூபாய் என்று வர்த்தமானி வந்தபோது எல்லாரும் செய்தி போட்டோம். அந்த 1,000 ரூபாய் கைக்கு வந்ததா? அதைக் கண்டுபிடிக்க இரகசியத் தகவல் எதுவும் தேவையில்லை. ஒவ்வொரு வீட்டிலும் தகரப் பெட்டிக்குள் சம்பளச் சீட்டு இருக்கும். வெவ்வேறு தோட்டங்களில் இருபது பேரிடம், ஆறு மாசச் சீட்டு வாங்கி வரிசைப்படுத்துங்கள். எத்தனை நாள் வேலை கொடுத்தார்கள், எத்தனை அரைப்பேர், கழிவு எவ்வளவு, கிலோ கணக்கு எப்போது மாறியது? எண்களே பேசும். இதைத்தான் கணக்குப் பதிவு நூல் எழுதிய மனுசனின் வழி என்கிறேன். ஒரு ஆளின் சீட்டு என்றால் அந்த ஆள் மாட்டிக்கொள்வார். இருபது பேரின் சீட்டைச் சேர்த்து, பேரையும் இலக்கத்தையும் மறைத்துவிட்டால், அது யாருடையதும் இல்லை, எல்லாருடையதும்.

தம்பியின் கேள்விக்குப் பாதிப் பதில் இதில் இருக்கிறது. அம்மா வேலை செய்கிற தோட்டத்தைப் பற்றி நீ எழுதாதே. பக்கத்து ஊர் நிருபருக்கு அதைக் கொடு. அவன் தோட்டத்தை நீ எடு. தலவாக்கலை, அட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவை என்று நாலு பேர் சேர்ந்து, நாலு பேர் பேரிலும் ஒரே நாளில், வேறு வேறு பத்திரிகைகளில் போடுங்கள். பனாமா ஆவணங்களை உலகத்தில் அத்தனை நாட்டு நிருபர்கள் பகிர்ந்துகொண்டு வேலை செய்ததும் இந்த மாதிரிதான். செயலமர்வில் அந்தப் பகுதியை யாரும் மலையகத்துக்கு இறக்கிச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

மீதிப் பாதிப் பதில் அவன் கையில் இல்லை. செய்தி வந்தால் மட்டும் காசு என்று வைத்திருக்கும் நிறுவனங்கள், ஆறு மாசம் எடுக்கும் ஒரு வேலைக்கு என்ன கொடுக்கப் போகின்றன? நிருபருக்குப் பிரச்சினை வந்தால் வக்கீலை யார் பிடிப்பது? பயிற்சி கொடுப்பவர்கள் சான்றிதழோடு இதையும் சேர்த்துக் கொடுக்காவிட்டால், பிள்ளைகளைத் தனியாக மலை ஏற்றிவிட்டதாகத்தான் ஆகும். நடேசய்யருக்குப் பின்னால் ஒரு பத்திரிகை இருந்தது, பிறகு ஒரு சங்கம் இருந்தது. சொந்த அச்சகம்கூட இருந்தது. தனி ஆளாக அவர் செய்தது அந்த முதல் நடை மட்டும்தான்.

போன கிழமை அந்தத் தம்பி போன் பண்ணினான். பிரதேச சபைக்குத் தகவல் கேட்டு முதல் கடிதம் போட்டிருக்கிறானாம். தோட்டத்துப் பாதை ஒன்றைப் பற்றி.

"பதினாலு நாள் எண்ணிக்கிட்டு இருக்கேன் அண்ணே" என்றான்.

"வேலை நாள்டா, சனி ஞாயிறு சேராது" என்றேன்.

"தெரியும். கொப்பியில எழுதி வச்சிருக்கேன்."

கொப்பியில் எழுதி வைத்திருக்கிறான். அது போதும், இப்போதைக்கு.